கோப்பைத் திறந்தால் அளவு மாறிவிடுகிறதா? வரைபட அலகுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வீட்டு வேலை வந்தால் எங்கள் மேசைக்குக் குறைந்தது மூன்று கோப்புகள் வந்து சேரும். நில அளவையர் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியில் எடுத்த மனையை மீட்டரில் தருவார். வீட்டுக்காரர் ஏற்கெனவே வரைய வைத்திருக்கும் பிளான் அடி அங்குலத்தில் இருக்கும். கட்டமைப்புப் பொறியாளர் மில்லிமீட்டரைத் தவிர வேறு எதிலும் வரைய மாட்டார். இந்த மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவதுதான் வரைவாளரின் வேலை. புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள் எல்லாரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளை வைத்தே பேசுகிறேன். அதையொத்த மற்ற மென்பொருள்களுக்கும் அடிப்படை இதுவே.

அக்கா, அனுப்பியவர் கணினியில் சரியாக இருந்த படம் என் கணினியில் மட்டும் ஏன் குட்டியாகத் தெரிகிறது?

கோப்புக்குள் இருப்பவை வெறும் எண்கள். ஒரு சுவரின் நீளம் 3000 என்று எழுதியிருக்கும். அது 3000 மில்லிமீட்டரா, 3000 அங்குலமா என்பது அந்த எண்ணில் இல்லை. "இந்தக் கோப்பில் ஓர் அலகு என்றால் மில்லிமீட்டர்" என்ற குறிப்பு தனியாக ஓரிடத்தில் இருக்கும். ஆட்டோகேட்டில் அதன் பெயர் இன்ஸ்யூனிட்ஸ். அதன் மதிப்பு 1 என்றால் அங்குலம், 2 அடி, 4 மில்லிமீட்டர், 5 சென்டிமீட்டர், 6 மீட்டர். 0 என்றால் அலகு சொல்லப்படவில்லை என்று பொருள்.

ஒரு கோப்பை இன்னொன்றுக்குள் செருகும்போது மென்பொருள் இரண்டு கோப்புகளின் குறிப்புகளையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் பெருக்கியோ வகுத்தோ உள்ளே எடுக்கிறது. குறிப்பு சரியாக இருந்தால் இது பெரிய உதவி. குறிப்பு தவறாகவோ வெறுமையாகவோ இருந்தால் படம் குட்டியாகிறது அல்லது பூதாகரமாகிறது. அனுப்பியவர் தம் படத்தை மட்டும் தனியாகப் பார்க்கிறார், அங்கே ஒப்பிடுவதற்கு இன்னொரு கோப்பு இல்லை. அதனால் அவருக்குத் தவறு தெரிவதே இல்லை.

யூனிட்ஸ் கட்டளைக்குப் போய் மில்லிமீட்டர் என்று மாற்றிவிட்டேன். படம் கொஞ்சம்கூட மாறவில்லையே?

மாறாது. நீங்கள் மாற்றியது குறிப்பை மட்டும்தான். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் அரிசி பருப்பாகாது. 10 என்ற நீளம் 10 ஆகவே இருக்கும். அடுத்த முறை இந்தக் கோப்பை வேறொன்றில் செருகும்போதுதான் அந்த மாற்றம் வேலை செய்யும்.

அதனால் முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: எண்கள் சரி, சீட்டு தவறா? அல்லது சீட்டு சரி, எண்கள் தவறா? முதலாவது என்றால் இன்ஸ்யூனிட்ஸை மாற்றினால் போதும், கோடுகளைத் தொடவே கூடாது. இரண்டாவது என்றால்தான் படத்தைப் பெருக்க வேண்டும். இதைத் தீர்மானிக்காமல் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறவர்கள்தான் மணிக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள்.

எது தவறு என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

அளந்து, வகுத்துப் பாருங்கள். உண்மை அளவு உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் அளக்கும் டிஸ்ட் கட்டளையால் அதை அளந்து, வந்த எண்ணை வந்திருக்க வேண்டிய எண்ணால் வகுங்கள். கிடைக்கும் விகிதம் நோயின் பெயரைச் சொல்லிவிடும். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இந்த ஒரு பழக்கத்தை மறக்காதீர்கள்.

25.4 வந்தால் அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் இடையில் குழப்பம். அதன் தலைகீழ் 0.03937. 12 அல்லது 0.0833 வந்தால் அடிக்கும் அங்குலத்துக்கும். 304.8 என்றால் அடிக்கும் மில்லிமீட்டருக்கும். 3.28 அல்லது 0.3048 என்றால் அடிக்கும் மீட்டருக்கும். 1000 என்றால் மீட்டருக்கும் மில்லிமீட்டருக்கும், 10 என்றால் சென்டிமீட்டருக்கும் மில்லிமீட்டருக்கும். 1.414 அல்லது 0.707 வந்தால் அது அலகுப் பிழையே அல்ல. ஏ3 தாளுக்கான படத்தை யாரோ ஏ4 தாளில் அடக்கியிருக்கிறார்கள், அல்லது மறுபக்கமாகச் செய்திருக்கிறார்கள். 1.016, 0.66, 645 என்று விசித்திரமான எண்களும் வரும். அவை ஒவ்வொன்றுக்கும் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் கோப்பு மில்லிமீட்டரில் இருக்கிறது. செருகிய பிளானில் 900 இருக்க வேண்டிய கதவு 22860 காட்டுகிறது. 22860-ஐ 900-ஆல் வகுத்தால் 25.4. அதாவது மில்லிமீட்டரில் வரைந்த கோப்புக்கு அங்குலம் என்று சீட்டு ஒட்டியிருக்கிறார்கள், மென்பொருள் அதை நம்பிப் பெருக்கிவிட்டது. மூலக் கோப்பைத் திறந்து இன்ஸ்யூனிட்ஸை 4 ஆக்கி, மறுபடி செருகினால் முடிந்தது.

அளந்து பார்க்க எதை எடுப்பது? எனக்கு அந்த வீட்டின் எந்த அளவும் தெரியாதே.

கதவு, படிக்கட்டு, சுவர். இந்த மூன்றும் எல்லா வீட்டிலும் இருக்கின்றன, பெரிதாக மாறுவதும் இல்லை. அறைக் கதவு 3 அடி அல்லது 900 மில்லிமீட்டருக்கு அருகில் இருக்கும். படியின் மிதி 10 அங்குலம் அல்லது 250-க்கு அருகில். வெளிச்சுவர் 9 அங்குலம் அல்லது 230. கதவின் அகலம் 35.43 என்று காட்டினால் அங்குலப் படம் என்றும், 0.9 என்று காட்டினால் மீட்டர்ப் படம் என்றும் கால்குலேட்டர் இல்லாமலேயே சொல்லிவிடலாம்.

அலகைக் கண்டுபிடிக்கக் கதவு போதும். ஆனால் படத்தைப் பெருக்கத் துல்லியமான எண் வேண்டுமென்றால் கதவை நம்பாதீர்கள். மனையின் முகப்பு நீளம் போல நீளமான, எழுத்தில் இருக்கும் ஓர் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

நான் 3000 மில்லிமீட்டரில் வரைந்த சுவர் 250 அடி என்று காட்டுகிறது. கோப்பு கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. யூனிட்ஸ் பெட்டியில் நீளம் காட்டும் வகையை யாரோ ஆர்க்கிடெக்சுரல் என்று மாற்றியிருக்கிறார்கள். அந்த வகை ஓர் அலகை ஓர் அங்குலம் என்றே எடுத்துக்கொள்ளும். 3000 அங்குலத்தை 12-ஆல் வகுத்தால் 250 அடி. டெசிமல் என்று திருப்பி வைத்தால் 3000 திரும்பி வந்துவிடும்.

இது வெறும் காட்சி. சீட்டும் மாறவில்லை, கோடும் மாறவில்லை. ஆக, எண்களும் சீட்டும் போதாதென்று மூன்றாவதாக இதுவும் தனியாக நிற்கிறது என்பதை மனதில் வையுங்கள்.

எண்கள்தான் தவறு என்று உறுதியாகிவிட்டது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஸ்கேல் கொடுத்துவிடலாமா?

சிறிய படம் என்றால் கொடுக்கலாம். அதற்கு முன் பூட்டியிருக்கும், அணைத்திருக்கும், உறைய வைத்திருக்கும் அடுக்குகளையெல்லாம் திறந்துவிடுங்கள். இல்லையென்றால் சுவர் பெருகும், தளவாடங்கள் பழைய அளவிலேயே எங்கோ மூலையில் கிடக்கும். அடிப்படைப் புள்ளியாக 0,0 கொடுங்கள்.

பெரிய படத்துக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, டிடபிள்யூஜியூனிட்ஸ் என்ற கட்டளையை முன்னால் கழித்தல் குறி போட்டுத் தட்டுவது. எந்த அலகு வேண்டும், இருக்கும் பொருள்களையும் மாற்றவா, தாள் பக்கத்தையும் சேர்க்கவா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். கேள்விகளைப் படித்துப் பதில் சொல்லுங்கள், என்டர் விசையை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகாதீர்கள். இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. சரியான அலகில் புதிய கோப்பு ஒன்றைத் தொடங்கி, பழையதன் சீட்டைச் சரிபார்த்துவிட்டு 0,0-இல் செருகுவது. மாற்றத்தை மென்பொருளே கணக்கிடும். பழைய கோப்பும் கைபடாமல் அப்படியே இருக்கும்.

பெருக்கும் எண் என்னவென்றே தெரியவில்லை. விகிதம் 1.3729 என்று வருகிறது.

எந்த அலகுக்கும் பொருந்தாத விகிதம் வந்தால், யாரோ கண்ணளவில் இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள் அல்லது பிடிஎஃப் வழியாக அந்தப் படம் வந்திருக்கிறது. இங்கே ஸ்கேல் கட்டளைக்குள் இருக்கும் ரெஃபரன்ஸ் தேர்வுதான் கை கொடுக்கும். எண் தெரியத் தேவையில்லை. தெரிந்த கோட்டின் இரண்டு முனைகளையும் சொடுக்கி, அது எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று தட்டினால் போதும்.

படத்திலேயே மிக நீளமான தெரிந்த அளவை எடுங்கள். 900 கதவை வைத்துச் சொடுக்கும்போது 5 மில்லிமீட்டர் பிசகினால், 18 மீட்டர் மனையில் அதே பிசகு 100 மில்லிமீட்டராக வளர்ந்து நிற்கும். முடித்த பிறகு, குறுக்காக இருக்கும் வேறோர் அளவையும் சரிபாருங்கள்.

டிஸ்ட் போட்டால் 118.11 வருகிறது. அளவுக் கோட்டில் 3000 என்று எழுதியிருக்கிறது. எதை நம்புவது?

3000-ஐ 118.11-ஆல் வகுத்தால் மறுபடியும் அதே 25.4. அங்குலத்தில் வரைந்துவிட்டு அளவுக் கோட்டில் மட்டும் மில்லிமீட்டர் காட்ட வேண்டும் என்பதற்காக டிம்எல்ஃபேக் என்ற பெருக்கியில் 25.4 போட்டிருக்கிறார்கள். கோடும் சரி, எழுத்தும் சரி. ஆனால் நீங்கள் படத்தை 25.4 மடங்கு பெருக்கியதும் அளவுக் கோடு 76200 என்று கத்தும். அளவுக்கோட்டுப் பாணிக்குள் போய் அந்தப் பெருக்கியை 1 ஆக்கிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு, அது ஆபத்தானது. சிலர் அளவுக் கோட்டின் மேல் எண்ணைக் கையால் தட்டிவிடுவார்கள். கோடு 2850 இருக்கும், எழுத்து 3000 என்று சொல்லும். அங்கே விகிதம் ஒவ்வோர் இடத்திலும் வேறுவேறாக வரும். அப்படிப்பட்ட படத்தை எந்தக் கட்டளையாலும் சரிசெய்ய முடியாது. வரைந்தவரைத் தொலைபேசியில் அழைத்து, எது உண்மை என்று கேட்பது ஒன்றே வழி. கூச்சப்படாமல் கேளுங்கள்.

அளவு சரியாகிவிட்டது. ஆனால் விட்டுவிட்டு வரும் கோடுகள் எல்லாம் முழுக்கோடாகத் தெரிகின்றன. பரப்பை நிரப்பும் கோட்டு வடிவமான ஹாட்ச் கறுப்பாக அடைத்துக்கொண்டது.

படம் பெருகியபோது கோட்டின் இடைவெளி பெருகவில்லை. அந்த இடைவெளியைத் தீர்மானிக்கும் எல்டிஸ்கேல் மதிப்பை நீங்கள் பயன்படுத்திய அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள். மெஷர்மென்ட் என்ற மாறியையும் பாருங்கள். 0 என்றால் அங்குல வகைக் கோட்டு வடிவங்களையும், 1 என்றால் மெட்ரிக் வகையையும் மென்பொருள் எடுக்கும். மெட்ரிக் வடிவங்களின் இடைவெளி 25.4 மடங்கு அகலம். ஏற்கெனவே போட்ட ஹாட்ச் தானாக மாறாது, அதன் ஸ்கேலை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

ஒரு கோப்பிலிருந்து நகலெடுத்து இன்னொன்றில் ஒட்டினால் ஒரு நாள் சரியாக வருகிறது, இன்னொரு நாள் மாறிவிடுகிறது. ஏன்?

ஒட்டுவதும் செருகுவதைப் போன்றதே. இரண்டு சீட்டுகளும் ஒன்றாக இருந்தால் அப்படியே வரும். ஒன்றில் 1-ம் மற்றொன்றில் 4-ம் இருந்தால் 25.4 மடங்கு மாறும்.

சீட்டு 0 ஆக இருக்கும்போதுதான் விசித்திரம். அப்போது இன்ஸ்யூனிட்ஸ்டெஃப்சோர்ஸ், இன்ஸ்யூனிட்ஸ்டெஃப்டார்கெட் என்று இரண்டு அமைப்புகள் இருக்கின்றன, அவற்றில் இருப்பதை மென்பொருள் ஊகமாக எடுத்துக்கொள்ளும். அவை கோப்பில் சேமிக்கப்படுவதில்லை, கணினியைச் சேர்ந்தவை. அதனால்தான் உங்கள் கணினியில் ஒரு மாதிரியும் பக்கத்து மேசையில் வேறு மாதிரியும் வருகிறது. கையில் வரும் எந்தக் கோப்பிலும் சீட்டு 0 என்று இருந்தால், வேலையைத் தொடங்கும் முன் அலகைக் கண்டுபிடித்து எழுதிவிடுங்கள்.

விகிதம் 645.16 வருகிறது. பட்டியலில் இல்லையே?

25.4-ஐ 25.4-ஆல் பெருக்கிப் பாருங்கள். மாற்றம் இரண்டு முறை நடந்திருக்கிறது. ஏற்கெனவே மில்லிமீட்டரில் இருந்த கோப்பை, சீட்டைப் பார்த்து அங்குலம் என்று நினைத்து ஒருவர் கையால் பெருக்கிவிட்டு, சீட்டை அங்குலம் என்றே விட்டிருப்பார். நீங்கள் செருகியதும் மென்பொருள் இன்னொரு முறை பெருக்கியது. மூலத்தில் படத்தை 25.4-ஆல் வகுத்து, சீட்டையும் மில்லிமீட்டர் என்று மாற்றிவிட்டு மறுபடி செருகுங்கள்.

வீட்டுக்காரர் கொடுத்த தாளில் 10.6 அடி என்று இருந்தது. அப்படியே போட்டேன். மேஸ்திரி சண்டைக்கு வருகிறார்.

நம் ஊரில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது இந்தப் புள்ளிதான். மேஸ்திரியும் வீட்டுக்காரரும் 10.6 என்று எழுதினால் 10 அடி 6 அங்குலம் என்று பொருள். கணினிக்கு 10.6 என்பது பத்து அடியும், ஓர் அடியில் பத்தில் ஆறு பங்கும். முதலாவது 126 அங்குலம், அதாவது 3200.4 மில்லிமீட்டர். இரண்டாவது 127.2 அங்குலம், 3230.9 மில்லிமீட்டர். ஓர் அறைக்கு 30 மில்லிமீட்டர் வித்தியாசம் வருகிறது. நான்கு அறைகளை வரிசையாக வைத்தால் மனைக்கு வெளியே போய்விடுவீர்கள்.

10.10 என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம். அவர் சொல்வது 10 அடி 10 அங்குலம். கணினி கடைசிப் பூச்சியத்தை விழுங்கிவிட்டு 10.1 அடி என்று எடுக்கும், அது 10 அடி 1.2 அங்குலம்தான். கிட்டத்தட்ட 9 அங்குலம், ஒரு வெளிச்சுவரின் கனம், காணாமல் போகிறது. தாளில் புள்ளிக்குப் பின் 10, 11 போன்ற எண்கள் எங்காவது இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் அந்தத் தாள் முழுவதும் அடி அங்குலம்தான். 10.75 போன்ற எண் இருந்தால் அது தசம அடி. இரண்டும் கலந்திருந்தால் நாடாவை எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போங்கள்.

இந்தச் சிக்கலை ஸ்கேல் கட்டளையால் தீர்க்க முடியாது. ஒவ்வோர் அளவிலும் பிழை வேறு. திரும்ப வரைய வேண்டியதுதான்.

என் பிளானும் பொறியாளரின் தூண் படமும் ஒரு மூலையில் சரியாக உட்காருகின்றன, மறு மூலையில் 192 மில்லிமீட்டர் தள்ளி நிற்கின்றன. எல்லாமே மில்லிமீட்டர்தானே?

உங்கள் வீடு 40 அடி நீளமா? அப்படியென்றால் விடை கிடைத்துவிட்டது. 40 அடி என்பது 12192 மில்லிமீட்டர். பொறியாளர் ஓர் அடிக்கு 300 என்று எடுத்து 12000 போட்டிருக்கிறார். விகிதம் 1.016.

இந்தியாவில் மெட்ரிக் அளவைக் கொண்டுவந்த சட்டம் 1956-இல் வந்தது. ஆனால் மனை இன்றும் அடியில்தான் விற்கிறது, கம்பியும் சிமென்டும் மில்லிமீட்டரிலும் கிலோவிலும் வருகின்றன. இரண்டு கணக்குக்கும் நடுவே நிற்கிறவர்கள் 1 அடிக்கு 300 என்று முழு எண்ணாக்கிக்கொள்வது பழக்கமாகிவிட்டது. ஓர் அறைக்குள் அது தெரியாது. தூண்கள் வரிசையாக வரும்போது கூடிக்கொண்டே போகும்.

இதை 1.016-ஆல் பெருக்கிச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். பெருக்கினால் 230 தூண் 233.7 ஆகும், அப்படியொரு பலகை அடைப்பு எந்த சைட்டிலும் இல்லை. அது முழு எண்ணாக்கிய முடிவு, அலகுப் பிழை அல்ல. பொறியாளரிடம் பேசி, மையக் கோடுகளை யாருடைய அளவில் வைப்பது என்று முடிவு செய்துவிட்டு, மற்றவர் திருத்திக்கொள்ள வேண்டும். அஸ்திவாரம் தோண்டும் முன் இந்தப் பேச்சு நடந்தாக வேண்டும். ஒரு முறை தோண்டிய பிறகு நடந்தது. குழிகளைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோட்டை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நில ஆவணத்தில் வந்த புலப்படத்தை உள்ளே எடுத்தேன். 1:1000 என்று போட்டிருக்கிறது. ஆயிரத்தால் பெருக்கியும் பொருந்தவில்லை.

1:1000 என்பது அசல் தாளுக்கு மட்டும் உண்மை. அதைப் பிடிஎஃப் ஆக்கி, அச்சிடும்போது தாளுக்குள் அடக்கி, மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. எல்லைக் கோட்டின் மேல் எழுதியிருக்கும் நீளத்தை எடுத்து, மேலே சொன்ன ரெஃபரன்ஸ் முறையில் செய்யுங்கள். ஸ்கேன் செய்த தாள் ஒரு பக்கமாக மட்டும் இழுபட்டிருக்கலாம் என்பதால் நெடுக்கிலும் குறுக்கிலும் ஒவ்வோர் அளவைச் சரிபாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் படத்தைப் பின்னணியாக மட்டும் வைத்துக்கொண்டு, எழுதியிருக்கும் அளவுகளை வைத்துப் புதிதாக வரையுங்கள்.

விகிதம் 0.66 அல்லது அதன் தலைகீழ் 1.515 வந்தால் அது பழைய புலப்படம். அதில் இருப்பவை அடி அல்ல, லிங்க். 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க், ஆக ஒரு லிங்க் 0.66 அடி அல்லது 0.2012 மீட்டர். 150 என்று எழுதியிருந்தால் 99 அடி. சரிபார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. லிங்க் அளவில் பரப்பை எடுத்து 1000-ஆல் வகுத்தால் சென்ட் கிடைக்கும். அது பட்டாவில் இருக்கும் பரப்புக்கு அருகில் வந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

பரப்பு 172800 என்று வருகிறது. சதுர அடி எவ்வளவு?

அங்குலப் படமென்றால் 144-ஆல் வகுங்கள்: 1200 சதுர அடி. மில்லிமீட்டர்ப் படத்தில் அதே வீடு 111483648 என்று காட்டும், அதை 92903.04-ஆல் வகுக்க வேண்டும். மீட்டர்ப் படமென்றால் 10.764-ஆல் பெருக்குங்கள். நீளத்தில் 25.4 பிழை இருந்தால் பரப்பில் 645 மடங்குப் பிழை வரும். ஆகவே அளவைச் சரிபார்க்காமல் பரப்பை யாருக்கும் சொல்லாதீர்கள். அந்த எண்ணை வைத்துத்தான் மதிப்பீடு போடுகிறார்கள்.

லேசரில் வெட்டக் கொடுத்த தகடு 30 மில்லிமீட்டருக்குப் பதில் 28.1 வந்தது. அலகு மில்லிமீட்டர் என்றுதான் வைத்தேன்.

28.125-ஐ 30-ஆல் வகுத்தால் 0.9375. அது 90-ஐ 96-ஆல் வகுத்த எண். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளின் 0.92 பதிப்புக்கு முன் ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளிகள் என்று கணக்கு, அதன் பிறகு 96. பழைய பதிப்பில் செய்த எஸ்விஜி கோப்பைப் புதிய கணக்கில் திறந்தால் இந்தச் சுருக்கம் வரும். 0.3528 அல்லது 2.8346 வந்தால் அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற அச்சுத்துறைக் கணக்கு குறுக்கே வந்திருக்கிறது.

வெட்டும் பட்டறைகளுக்குப் பெரும்பாலும் டிஎக்ஸ்எஃப் கோப்புதான் போகிறது. பழைய இயந்திரங்களுக்காக ஆர்12 வடிவில் சேமிக்கச் சொல்வார்கள். அந்த வடிவில் அலகுச் சீட்டுக்கே இடமில்லை, அது 2000-ஆம் பதிப்பில் வந்தது. ஆகவே 30 என்ற எண் பட்டறையில் அங்குலமாகவும் படிக்கப்படலாம். வடிவத்துக்குப் பக்கத்தில் 100-க்கு 100 சதுரம் ஒன்றை வரைந்து, "இது 100 மில்லிமீட்டர், வெட்ட வேண்டாம்" என்று எழுதி அனுப்புங்கள். முப்பரிமாண அச்சுக்குப் போகும் எஸ்டிஎல் கோப்பிலும் அலகு கிடையாது, அதற்கும் வாய்மொழியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஸ்கெட்ச்அப்பில் எடுத்தால் திரையில் ஒன்றுமே இல்லை. ரெவிட்டில் எடுத்தால் ஒரு புள்ளி மட்டும் தெரிகிறது.

இந்த இரண்டு முப்பரிமாண மென்பொருளிலும் இறக்குமதிப் பெட்டியில் அலகைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் அவசரமாகச் சரி என்று அழுத்தாமல் அதைத் திறந்து, கதவை அளந்து கண்டுபிடித்த அலகைக் கொடுங்கள். ரெவிட்டின் தானியங்கித் தேர்வு கோப்பின் சீட்டைத்தான் நம்பும், சீட்டு தவறென்றால் அதுவும் தவறும்.

ஸ்கெட்ச்அப்பில் மிகச் சிறிதாக உள்ளே வந்த படத்தைப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மிக நெருங்கிய புள்ளிகளை அது ஒன்றாக்கிவிடும், சிறிய வளைவுகள் சிதைந்துபோகும். அழித்துவிட்டு, சரியான அலகில் மறுபடி எடுங்கள். சிதைவு எதுவும் இல்லையென்றால் டேப் கருவியால் ஒரு கோட்டை அளந்து, சரியான நீளத்தைத் தட்டினால், மாதிரி முழுவதையும் மாற்றவா என்று அதுவே கேட்கும்.

மாடலில் எல்லாம் சரி. தாளில் 1:100 வைத்தால் மட்டும் அளவுகோலுக்கு ஒத்துவரவில்லை.

தாள் மில்லிமீட்டரில் இருக்கும், மாடல் வேறு அலகில் இருக்கும். இரண்டும் மில்லிமீட்டர் என்றால் 1/100 எக்ஸ்பி (மாடலின் ஓர் அலகு தாளில் எத்தனை அலகு என்ற விகிதம்) சரி. மாடல் மீட்டரில் இருந்தால் 10 எக்ஸ்பி. மாடல் அங்குலத்தில் இருந்தால் 0.254 எக்ஸ்பி. ஓர் அங்குலத்துக்கு 8 அடி என்ற பழைய வழக்கம் 1:96, அது 1:100 அல்ல. வித்தியாசம் நான்கு சதவீதம்தான், ஆனால் தாளில் அளவுகோல் வைத்துப் பார்க்கிறவருக்கு உடனே தெரியும்.

நில அளவையர் கோப்பைச் செருகியதும் என் பிளான் மறைந்துவிட்டது. கோடுகள் நடுங்குகின்றன.

அளவு தவறவில்லை, இடம்தான் தொலைவு. அவர் யூடிஎம் என்ற உலக வரைபடக் கட்ட முறையின் ஆயத்தொலைவில் தந்திருப்பார். சென்னையில் ஒரு மனையின் வடக்கு எண் 14 லட்சம் மீட்டரைத் தாண்டும். உங்கள் பிளானோ 0,0-க்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் திரையில் காட்டினால் வீடு கண்ணுக்குத் தெரியாது. அதையே மில்லிமீட்டராக மாற்றினால் எண்கள் நூறு கோடியைத் தாண்டும், ஹாட்சும் வளைவுகளும் பிசிறடிக்கும். அவருடைய கோப்பை அப்படியே பாதுகாத்துவிட்டு, நகலில் மனையின் ஒரு மூலையை 0,0-க்கு நகர்த்துங்கள். நகர்த்திய எண்ணைப் படத்திலேயே எழுதி வையுங்கள், திரும்பிப் போக அது வேண்டும்.

அலகுப் பட்டியலில் அமெரிக்க நில அளவை அடி என்று ஒன்று இருக்கும். சாதாரண அடிக்கும் அதற்கும் பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான் வித்தியாசம், மனைக்குள் தெரியாது. ஆனால் 14 லட்சம் மீட்டர் தொலைவில் அது கிட்டத்தட்ட 3 மீட்டராகும். அமெரிக்காவே 2022-ஆம் ஆண்டின் முடிவோடு அதைக் கைவிட்டுவிட்டது. தவறிக்கூட அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எல்லாம் சரிபார்த்தாயிற்று. ஆனாலும் 500 மீட்டர்த் தொழிற்சாலை மனையில் படத்தைவிட நாடா 16 சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது. விகிதம் 0.99968.

இந்த அளவுக்கு நுணுகிப் பார்த்ததற்கு முதலில் பாராட்டு. இது யாருடைய தவறும் இல்லை. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது யூடிஎம் முறை நடுக்கோட்டில் எல்லா நீளத்தையும் 0.9996-ஆல் சுருக்குகிறது. நடுக்கோட்டிலிருந்து விலக விலகச் சுருக்கம் குறையும். சென்னை இருக்கும் 44-ஆவது மண்டலத்தின் நடுக்கோடு 81 பாகை. அங்கிருந்து சென்னை சுமார் 79 கிலோமீட்டர் மேற்கே இருப்பதால் இந்த 0.99968 வருகிறது. கோயம்புத்தூர் 43-ஆவது மண்டலத்தில் இருக்கிறது, அங்கே எண் வேறாக இருக்கும்.

30 அடி மனைக்கு இதைப் பார்க்க வேண்டியதில்லை, 3 மில்லிமீட்டர்தான் வரும். தொழிற்சாலை, சாலை, குழாய்ப்பாதை என்றால் பார்த்தே ஆக வேண்டும். நீங்களாக 1.00032-ஆல் பெருக்கிவிடாதீர்கள். அவர் கொடுத்தது தள அளவா (தட்டையான வரைபடத்தில் உள்ள நீளம்), தரை அளவா (நிலத்தில் நாடா காட்டும் நீளம்) என்று நில அளவையரிடம் கேளுங்கள். சில டோட்டல் ஸ்டேஷன்களில் இந்தத் திருத்தத்தை அவரே ஏற்கெனவே போட்டிருப்பார். தரை அளவில் ஒரு கோப்பு வாங்கி, கட்டடத்தை அதில் வைத்து, கோப்பின் பெயரிலேயே "தரை" என்று எழுதிவிடுங்கள்.